வைரஸை ஒளியால் எண்ணுவது: 260-ஐ நம்புமுன் 320-ஐப் பாருங்கள்

"மேடம், ஓடி மூணைத் தாண்டுது. வைரஸ் அமோகமா வந்திருக்கு!"

ஜனவரியில் புராஜெக்டுக்கு வரும் எம்.எஸ்சி. மாணவர்களில் வருஷத்துக்கு ஒருவராவது இப்படிச் சொல்லிக்கொண்டு ஓடி வருவார். ஓடி என்பது ஒளி எவ்வளவு தடைபட்டது என்று காட்டும் எண். நான் எழுந்து போய் முதலில் பார்ப்பது அந்த ரீடிங்கை அல்ல, சாம்பிளை ஊற்றி வைக்கும் சின்னப் பாத்திரமான க்யூவெட்டை. நினைத்தது சரிதான். பிளாங்க்கை, அதாவது வைரஸ் இல்லாத ஒப்பீட்டுத் திரவத்தை, குவார்ட்ஸில் வைத்துவிட்டு, சாம்பிளைக் கைக்கு எட்டிய பிளாஸ்டிக்கில் ஊற்றியிருப்பார். சாதாரணப் பிளாஸ்டிக் க்யூவெட் புற ஊதா ஒளியை விடாது. கருவி அளந்தது வைரஸை அல்ல, பிளாஸ்டிக்கை.

தடுப்பூசித் தரக்கட்டுப்பாட்டில் இருபத்திரண்டு வருஷம் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் என்ற இந்தக் கருவியோடு குடித்தனம் நடத்திவிட்டேன். அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பக்கம் விட்ட ஒளியில் எவ்வளவு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை. இங்கே எழுதுவதெல்லாம் அந்த வேலையைப் பற்றித்தான். 260, 280, 320 என்று வருவதெல்லாம் ஒளியின் அலைநீளம், நானோமீட்டரில்; 260-ஐ ஒட்டி டிஎன்ஏவும் 280-ஐ ஒட்டி புரதமும் ஒளியை உறிஞ்சும்.

முதலில் ஓர் ஆசையை விட்டுவிடுங்கள். நோயாளியின் மூக்கிலிருந்து எடுத்த சாம்பிளை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் வைத்து வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க முடியாது. அடினோவைரஸை எடுத்துக்கொண்டால், ஒரு மில்லிலிட்டரில் பத்தாயிரம் கோடி துகள்கள் இருந்தால்தான் ஓடி 0.1-ஐ ஒட்டி வரும். அதுவும் சுத்தம் செய்த வைரஸாக இருக்க வேண்டும். சளியில் இருக்கும் புரதமும் செல் குப்பையும் சேர்ந்தால் வைரஸின் பங்கு எங்கே போனதென்றே தெரியாது. அங்கே மரபணுவைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர்தான் சரி. ஆனால் அந்த ஆர்டி-பிசிஆரும் ஒளியை அளக்கும் வேலைதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஃபாம் என்ற சாயத்தை 495 நானோமீட்டரில் தூண்டி, 520-ஐ ஒட்டி வரும் ஒளிர்வைச் சுற்றுக்குச் சுற்று படிக்கிறது அந்த மெஷின். ரிப்போர்ட்டில் சிடி என்று போடுவது, எத்தனையாவது சுற்றில் அந்த ஒளி எல்லைக்கோட்டைத் தாண்டியது என்பதைத்தான்.

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டருக்கு உரிய இடம் வேறு. வளர்த்து, சுத்தம் செய்து, செறிவாக்கி வைத்திருக்கும் வைரஸில் எத்தனை துகள்கள் என்று எண்ணுவதற்கும், தடுப்பூசி கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டதா என்று மோப்பம் பிடிப்பதற்கும் அதைவிட வேகமான ஆள் கிடையாது.

பழகுவதற்கு எம்13 பேஜ் என்ற வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ. கோலை பாக்டீரியாவை மட்டும் தொற்றும், மனிதரை ஒன்றும் செய்யாது. நூல் மாதிரி இருக்கும்: நீளம் சுமார் 900 நானோமீட்டர், தடிமன் ஆறேழு நானோமீட்டர்தான். பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) போட்டு வீழ்படிவாக்கி, பஃபரில், அதாவது அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில், கரைத்து வைத்த சாம்பிள் உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

லாம்ப்பை அரை மணி நேரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். புற ஊதா ஒளி தரும் டியூட்டீரியம் லாம்ப் சூடாகி நிலைக்கும் முன் எடுக்கும் ரீடிங் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். க்யூவெட் குவார்ட்ஸ்தானா என்று பாருங்கள். கண்ணாடியும் 320-க்குக் கீழே உதவாது. சின்ன க்யூவெட் என்றால் இன்னொரு பொறி உண்டு. ஒளிக்கற்றை அடியிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் போகிறது என்பது கருவிக்குக் கருவி மாறும், 8.5 அல்லது 15 என்று. ஜன்னல் உயரம் பொருந்தாத க்யூவெட்டை வைத்தால் ஒளி க்யூவெட்டின் சுவரில் முட்டும். இதனால் ஒரு முழு மதியத்தை நான் இழந்திருக்கிறேன். லாம்ப்பை மாற்றினேன், பஃபரை மாற்றினேன், கடைசியில்தான் க்யூவெட்டின் ஓரத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்தேன்.

க்யூவெட்டை மங்கலான பக்கத்தில் மட்டும் பிடியுங்கள். 50 மைக்ரோலிட்டர் பேஜ், 950 மைக்ரோலிட்டர் பஃபர், ஆக இருபது மடங்கு நீர்த்தல். பைப்பெட்டில் மெதுவாக ஏற்றி இறக்கிக் கலக்குங்கள், நுரை வேண்டாம். சுவரில் ஒட்டிய ஒரு சின்னக் குமிழி போதும், கணக்கு மாறிவிடும். பிளாங்க் என்பது வெறும் தண்ணீர் அல்ல, பேஜ் எதில் கரைந்திருக்கிறதோ அதே பஃபர், அதே பாட்டிலிலிருந்து.

இப்போது ஒற்றை ரீடிங் எடுக்க அவசரப்படாமல் 220-லிருந்து 400 வரை முழு ஸ்கேன் ஓட்டுங்கள். எம்13-க்கு 260-க்கும் 280-க்கும் நடுவே மேட்டுநிலம் மாதிரி ஓர் அகலமான பகுதி வரும், 269-இல் லேசான உச்சம் தெரியும். 320-க்கு அப்பால் கோடு தரையோடு படுத்திருக்க வேண்டும். வெறும் 260-இல் கூர்மையான உச்சி தெரிந்தால், உடைந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

கணக்கு இதுதான். 269-இல் வந்த ஓடியிலிருந்து 320-இல் வந்ததைக் கழியுங்கள். அதை 6 × 10¹⁶-ஆல் பெருக்கி, பேஜின் மரபணுவில் எத்தனை பேஸ் (டிஎன்ஏவின் எழுத்துகள்) என்ற எண்ணால் வகுங்கள். சாதாரண எம்13-க்கு 6407. எம்13கேஈ என்ற வகையை வைத்திருந்தால் 7222. எடுத்துக்காட்டாக 269-இல் 0.412, 320-இல் 0.018 என்றால் வித்தியாசம் 0.394. பெருக்கி வகுத்தால் மில்லிலிட்டருக்கு 3.69 லட்சம் கோடி. இருபது மடங்கு நீர்த்திருக்கிறோம், ஆக மூலச் சாம்பிளில் சுமார் 74 லட்சம் கோடி. நீர்த்ததை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவதுதான் இந்த இடத்தில் பசங்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு.

ஓடி 0.1-க்கும் 1-க்கும் நடுவே விழுகிற மாதிரி நீர்த்துக்கொள்ளுங்கள். ஓடி 1 என்றால் பத்தில் ஒரு பங்கு ஒளி போய்ச் சேருகிறது. 2 என்றால் நூறில் ஒன்று, 3 என்றால் ஆயிரத்தில் ஒன்று. அந்த ஆயிரத்தில் ஒன்றைக் கருவிக்குள் சிதறித் திரியும் ஒளியிலிருந்து பிரித்துச் சொல்வது சாதாரணக் கருவியால் ஆகாத காரியம்.

சரி, இந்த 320 என்ன கணக்கு?

டிஎன்ஏவும் புரதமும் 320-இல் ஒளியை உறிஞ்சுவதில்லை. அப்படியிருந்தும் அங்கே ரீடிங் வந்தால், ஒளி உறிஞ்சப்படவில்லை, சிதறிப் போயிருக்கிறது என்று அர்த்தம். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு டெட்டால் விட்டு, இருட்டில் டார்ச் அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நீலம் பாய்ந்திருக்கும், நேரெதிரே பார்த்தால் மஞ்சள். அலைநீளம் குறையக் குறையச் சிதறல் எகிறும் என்பதால்தான் நீலம் பக்கவாட்டில் ஓடிவிடுகிறது. துகள் ரொம்பச் சின்னதாக இருந்தால் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக ஏறும். அதாவது 320-இல் கொஞ்சம் சிதறினால் 260-இல் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சிதறும். டிடெக்டருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. வராத ஒளியை எல்லாம் டிஎன்ஏ கணக்கில் எழுதிவிடும்.

எம்13 மாதிரி ஒல்லியான நூலுக்கு 320-ஐக் கழித்தால் போதும். உருண்டையான, பெரிய வைரஸுக்குப் போதாது. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 260-இல் 0.540, 320-இல் 0.085, 350-இல் 0.060 என்று வந்திருக்கிறது. ஓடியையும் அலைநீளத்தையும் மடக்கை எடுத்துக் கோடு போட்டால் சாய்வு சுமார் 3.9. அந்தக் கோட்டை அப்படியே 260 வரை நீட்டினால் சிதறலின் பங்கு 0.19. உண்மையான உறிஞ்சல் 0.35 மட்டும்தான். 320-ஐ மட்டும் கழித்திருந்தால் 0.455 என்று எழுதியிருப்பீர்கள், முப்பது சதவீதம் கூடுதல். ஒன்றுமே கழிக்காமல் விட்டிருந்தால் வைரஸ் ஒன்றரை மடங்காகக் கணக்கில் ஏறியிருக்கும். ரெண்டு புள்ளியை வைத்துக் கோடு போடுவது கையால் கணக்குக் காட்டத்தான். நிஜத்தில் 320 முதல் 400 வரை எட்டுப் பத்துப் புள்ளிகளை எடுங்கள்.

அந்தச் சாய்வு இன்னொரு ரகசியத்தையும் சொல்லும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தால் சாய்வு நாலிலிருந்து மூன்று, இரண்டு என்று இறங்கும். ஃபிரிட்ஜில் வைத்த சாம்பிள் போன மாதம் 3.8, இந்த மாதம் 2.6 என்றால், 260-இல் எண் மாறாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது. நான் 260-ஐ விட இந்த எண்ணைத்தான் முதலில் நோட்டில் குறிப்பேன்.

அடுத்தது அடினோவைரஸ். தடுப்பூசி விஷயத்தில் நம் எல்லோருக்கும் சம்பந்தமுள்ளது, ஏனென்றால் கோவிஷீல்டு இந்த வகைதான், சிம்பன்ஸி அடினோவைரஸை மாற்றிச் செய்தது. சுமார் 90 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டை, உள்ளே 36,000 சொச்சம் பேஸ்-ஜோடி டிஎன்ஏ. இந்த அளவுள்ள உருண்டை நன்றாகவே ஒளியைச் சிதறடிக்கும். அதைச் சமாளிக்க ஒரு பழைய, அழகான வழி இருக்கிறது: கணக்கில் கழிப்பதற்குப் பதில் வைரஸையே உடைத்துவிடுவது. எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட் 0.1 சதவீதம் கலந்த பஃபரில் பத்து மடங்கு நீர்த்து, 56 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்தால் ஓடு பிரிந்து டிஎன்ஏ வெளியே வந்துவிடும். சிதறல் போய்விடும். 1968-இல் மைசெல் குழுவினர் கொடுத்த கணக்குப்படி, அப்போது 260-இல் ஓடி 1 என்றால் மில்லிலிட்டருக்கு 1.1 லட்சம் கோடி துகள்கள்.

இந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடம் செய்யாதீர்கள், சரிபார்க்கலாம். ஒரு பேஸ்-ஜோடியின் எடை சுமார் 650 டால்டன். 36,000 ஜோடி என்றால் ஒரு வைரஸுக்குள் இருக்கும் டிஎன்ஏ 3.9 × 10⁻¹⁷ கிராம். 1.1 லட்சம் கோடி வைரஸ்களில் 43 மைக்ரோகிராம். இரட்டை இழை டிஎன்ஏ மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் இருந்தால் ஓடி 1 என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆக டிஎன்ஏவின் பங்கு 0.86, மீதி புரதத்தின் பங்கு. பொருந்துகிறதா? ஐம்பது வருஷத்துக்கு மேல் பழசான ஒரு சூத்திரம் உங்கள் நோட்டுப் பின்னட்டையில் இப்படி நேராவதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

செய்முறையில் கவனிக்க இரண்டு விஷயம். எஸ்டிஎஸ்ஸுக்குக் குளிரும் ஆகாது, பொட்டாசியமும் ஆகாது. இரண்டில் எது நேர்ந்தாலும் வெள்ளையாகத் திரிந்துவிடும். 56 டிகிரியிலிருந்து எடுத்ததை அவசரத்தில் ஐஸில் வைக்காதீர்கள், மேசையிலேயே ஆறட்டும். வழக்கமாகப் பயன்படுத்தும் பாஸ்பேட் பஃபரான பிபிஎஸ்ஸில் பொட்டாசியம் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். இரண்டாவது, பிளாங்க்கும் அதே சடங்கைச் செய்ய வேண்டும். 50 மைக்ரோலிட்டர் வைரஸ் எந்த ஃபார்முலேஷன் பஃபரில் இருக்கிறதோ அதே பஃபர் 50 மைக்ரோலிட்டர், 450 மைக்ரோலிட்டர் எஸ்டிஎஸ் பஃபர், அதே 56 டிகிரி, அதே பத்து நிமிஷம்.

ரீடிங் 260-இல் 0.318, 280-இல் 0.247, 320-இல் 0.006 என்று வந்தால், கழித்த பிறகு 0.312, 0.241. விகிதம் 1.29, சுத்தமான அடினோவைரஸுக்கு ஏற்றதுதான். துகள் எண்ணிக்கை 0.312-ஐ 1.1 லட்சம் கோடியால் பெருக்கி, பத்தால் பெருக்க 3.43 லட்சம் கோடி. விகிதம் கீழே இறங்கினால் டிஎன்ஏ இல்லாத காலி ஓடுகளோ வேறு புரதமோ கலந்திருக்கலாம். மேலே ஏறினால் செல்லின் டிஎன்ஏ.

பிளாங்க் விஷயத்தை நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்பதற்கு உலகமே பார்த்த ஒரு கதை இருக்கிறது. 2020-இல் ஆக்ஸ்ஃபோர்டு தடுப்பூசியின் சோதனை பிரிட்டனில் நடந்துகொண்டிருந்தபோது, இத்தாலியில் தயாரான ஒரு பேட்ச் வந்தது. தயாரித்தவர்கள் அதைப் பிசிஆர் முறையில் அளந்து ஓர் எண் கொடுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் புற ஊதா ஒளியால் அளந்தபோது அதைவிட வீரியம் கூடுதலாகத் தெரிந்தது. பாதுகாப்புப் பக்கம் நிற்போம் என்று, ஒளி சொன்னதை நம்பி, ஊசியின் அளவைக் குறைத்துப் போட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, தடுப்பூசியில் சேர்க்கும் பாலிசார்பேட் 80 என்ற டிடர்ஜென்ட் வகைப் பொருள் ஒளி அளவீட்டில் குறுக்கிட்டு எண்ணைப் பெருக்கிக் காட்டியிருக்கிறது. ஒரு பகுதியினருக்கு முதல் ஊசி பாதி அளவுதான் போயிருந்தது: 5,000 கோடி துகளுக்குப் பதில் சுமார் 2,200 கோடி.

டிசம்பரில் லான்செட்டில் முடிவு வந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. இரண்டு முழு அளவு ஊசி போட்டவர்களிடம் பலன் 62.1 சதவீதம், முதலில் பாதி போட்டவர்களிடம் 90. பாதி ஊசியே மேல் என்று பலர் பேச ஆரம்பித்தார்கள். ஆனால் பாதி போட்ட குழுவினருக்கு இரண்டாவது ஊசியும் நெடுநாள் கழித்துத்தான் போட்டிருந்தார்கள்; பலன் கூடியது அந்த இடைவெளியாலும் இருக்கலாம். 2021 பிப்ரவரியில் வந்த அடுத்த அலசலில், முழு அளவு ஊசிகளுக்கு நடுவே 12 வாரம் அல்லது அதற்கு மேல் இடைவெளி விட்டவர்களிடம் பலன் 81 சதவீதம், ஆறு வாரத்துக்குள் போட்டவர்களிடம் 55 என்று வந்தது. அந்த மே மாதம் இந்தியாவிலும் கோவிஷீல்டு இடைவெளி 12 முதல் 16 வாரமானது. கோவின் ஆப்பில் 84 நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா?

கோவிஷீல்டு அரை மில்லிலிட்டர் டோஸில் 5,000 கோடி துகள்கள். அதாவது மில்லிலிட்டருக்கு 10,000 கோடி. மைசெல் கணக்கில் போட்டால் நீர்க்காமலேயே ஓடி 0.09. எஸ்டிஎஸ்ஸில் பத்து மடங்கு நீர்த்தால் 0.009. க்யூவெட்டை எடுத்து மறுபடி வைத்தாலே 0.005 ஆடும் கருவியில் இது ஓர் எண்ணே அல்ல. அந்த இடத்தில் பஃபரில் இருக்கும் பாலிசார்பேட்டோ ஹிஸ்டிடினோ கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் வைரஸின் குரல் அமுங்கிவிடும். ஆகவே இந்த முறையைச் செறிவான மொத்தச் சரக்கில் பயன்படுத்துங்கள். குப்பியில் அடைத்ததை அளக்கப் பிசிஆரோ, கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சியோ போங்கள்.

இன்னொன்று, ஒளிக்கு உயிருள்ளதும் செத்ததும் ஒன்றுதான். இந்தியக் குப்பியில் 5,000 கோடி வைரஸ் துகள்கள் என்று எழுதியிருந்தார்கள். ஐரோப்பியக் குறிப்பில் அதே தடுப்பூசிக்கு, தொற்றும் அலகுகள் 25 கோடிக்குக் குறையாமல் என்று இருந்தது. இரண்டும் முரண் அல்ல, எண்ணுவது வேறு வேறு பொருளை. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் முதலாவதைத்தான் தரும். இரண்டாவதுக்குச் செல் வளர்ப்புதான், நாள் கணக்கில் ஆகும்.

மற்ற தடுப்பூசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலுமினிய உப்பு சேர்த்தவை, அதாவது ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் போன்றவை, பால் மாதிரிக் கலங்கல். நேராக வைத்து ரீடிங் எடுக்கிற பேச்சே கிடையாது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே தெளிந்ததில் 280-இல் பார்த்தால், அலுமினியத்தில் ஒட்டாமல் தப்பிய புரதம் எவ்வளவு என்று ஓரளவு தெரியும். இவை உறைந்துவிட்டால் வீணாகிவிடும், அதைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம். அதே பேட்ச்சில் ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி மேசையில் வையுங்கள். உறைந்தது திரிதிரியாகச் சீக்கிரம் அடியில் படியும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் தூக்கிப் போடுங்கள். கிராமத்துத் துணைச் சுகாதார நிலையத்துச் செவிலியருக்கும் தெரிந்த சோதனை இது. ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வைத்திருக்கும் நமக்குத்தான் பல நேரம் ஞாபகம் வராது.

எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் ஆர்என்ஏ கொழுப்புத் துகளுக்குள் ஒளிந்திருக்கும். ரைபோகிரீன் என்ற சாயம் வெளியில் கிடக்கும் ஆர்என்ஏவோடு மட்டும் சேர்ந்து ஒளிரும். ஒரு பங்கை அப்படியே படியுங்கள், இன்னொரு பங்கில் டிரைட்டன் என்ற டிடர்ஜென்டை ஊற்றி துகளை உடைத்துப் படியுங்கள். மொத்தத்திலிருந்து வெளியில் இருந்ததைக் கழித்து, மொத்தத்தால் வகுத்தால் உள்ளே எத்தனை சதவீதம் என்று கிடைக்கும். டிரைட்டன் சாயத்தின் ஒளிர்வையே கொஞ்சம் மாற்றும் என்பதால் தெரிந்த அளவு ஆர்என்ஏவை வைத்துப் போடும் ஸ்டாண்டர்டு கோடும் டிரைட்டனோடு ஒன்று, இல்லாமல் ஒன்று போட வேண்டும். பிளாங்க்கும் அதே சடங்கு என்றேனே, அதுதான் இங்கேயும்.

நோயுண்டாக்கும் வைரஸ் என்றால் பாதுகாப்புக் கேபினெட்டுக்குள்ளேயே செயலிழக்க வைத்து, செயலிழந்துவிட்டது என்று சோதித்த பிறகுதான் கருவிப் பக்கம் கொண்டுவர வேண்டும். க்யூவெட் திறந்த பாத்திரம், மேசையில் சிந்தும்.

நோட்டில் எழுதும்போது 260-இன் எண்ணோடு நிறுத்தாதீர்கள். க்யூவெட் எண், பிளாங்க்கில் என்னென்ன எவ்வளவு, நீர்த்த அளவு, 320, 350, சாய்வு, 280. ஸ்கேனையும் அச்சடித்து ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பேட்ச் தகராறு வரும்போது அந்தக் கோட்டின் வடிவம்தான் உங்களைக் காப்பாற்றும்.

கடைசியில் க்யூவெட். புரதம் குவார்ட்ஸில் கண்ணுக்குத் தெரியாத படலமாக ஒட்டும், அடுத்த ஆளின் பிளாங்க்கில் ஏறிக்கொள்ளும். லேசான டிடர்ஜென்டில் ஊற வைத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் பத்து முறை அலசி, கடைசியாக எத்தனால் விட்டுக் கவிழ்த்து வையுங்கள். உள்ளே பிரஷ் போடாதீர்கள், டிஷ்யூவைச் சுருட்டித் திணிக்காதீர்கள். கழுவியதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்கேன் ஓட்டி, பழைய தண்ணீர் ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் என் டிராயருக்குள் திரும்பப் போகும். ஒன்றின் விலை தெரிந்தால் நீங்களும் பூட்டித்தான் வைப்பீர்கள்.